பளபளக்குது முன் போர்க்! கசியுது ஆயில்!

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கரும்பு டிராக்டர் ஒன்று போனால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மோட்டார் சைக்கிள் போகும். அதில் பாதி பழைய வண்டி. ஆனால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள் மட்டும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னும்!

எல்லாம் வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை. உப்புத்தாள், பாலீஷ், பழைய வேட்டித் துணி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கையில் இருக்கிற வண்டியைத் துடைத்து அழகு பார்ப்பதில் என்ன தப்பு? கடையில் கொடுக்கும் காசும் மிச்சம். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டிக்கு இன்றைக்கும் மவுசு இருக்கிறதே! அதை ஓட வைத்துக் கொண்டிருப்பது நம்ம ஊர்ப் பையன்களின் கைதான்.

ஆனால் அன்று டீக்கடை வாசலில் பார்த்த காட்சி என்னைத் திடுக்கிட வைத்தது.

"அது எதுக்குண்ணே?"

பளபளவென்று ஒரு வண்டி. வெள்ளிமலைக்குப் புறப்பட்டு நின்றார் ஒரு வாலிபர். குனிந்து பார்த்தேன். போர்க் பைப்பில் கறுப்பு வளையம். அதிலிருந்து எண்ணெய் வழிந்து, பிரேக் டிஸ்க் பக்கம் இறங்கிக் கொண்டிருந்தது.

"தம்பி, ஆயில் கசியுதே?"

"பாலீஷ் போட்டு நாலு நாள்தான் ஆச்சுண்ணே. எப்படி மின்னுது பாருங்க!"

"சரிப்பா, ஆயில் சீல் எப்ப மாத்துனீங்க?"

"அது எதுக்குண்ணே?"

இதுதான் என் வயிற்றெரிச்சல். கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள். உயிரைக் காப்பதற்கு இரண்டு நிமிடம் கூட இல்லை!

போர்க் என்பது அலங்காரப் பொருள் அல்ல. மேலே குரோமியம் பூசிய இரும்பு பைப். அது கீழே உள்ள அலுமினியக் கூட்டுக்குள் ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். அந்த எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல்.

கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ரோட்டில் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கிறீர்கள். வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்பக்கம் சாய்கிறது. அத்தனையையும் தாங்குவது அந்த இரண்டு கால்கள். எண்ணெய் குறைந்தால் வண்டி குதிக்கும். கசிந்த எண்ணெய் பிரேக் பேடில் பட்டால், பிரேக் பிடிக்காது. வளைவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

செய்கிறதைச் சரியாகச் செய்!

பாலீஷ் போடுவதற்குப் போர்க்கைக் கழற்றத்தானே போகிறீர்கள்? அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? எண்ணெயை வடித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சீல் புதுசு போடுங்கள். எண்ணெயைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவு, இரண்டு காலிலும் ஒரே அளவு. குரோமியம் பைப்பில் துரு அரித்த குழி இருந்தால், புது சீலும் சீக்கிரம் கிழியும்.

மெக்கானிக் வேலை தெரியாதவர், கழற்றுவதையும் மாட்டுவதையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தேய்ப்பதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை.

அலுமினியக் கூட்டின் மேல் கம்பெனியில் பூசிய லாக்கர் இருக்கும். அதுதான் காலப்போக்கில் மஞ்சளாகி, உரிந்து, அடியில் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. முதலில் லாக்கரை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர். 400, 600, 1000, 1500, 2000 என்று வரிசையாக ஏற வேண்டும். முதல் தாளின் கீறல் மறையாமல் அடுத்த தாளுக்குப் போனால், கடைசியில் பாலீஷ் போடும்போது அத்தனை கீறலும் பல்லை இளிக்கும்! சீல் உட்காரும் உள்வாயைத் துணியால் அடைத்து விடுங்கள். அங்கே உப்புத்தாள் படவே கூடாது.

ஆழமான குழியா? விட்டுவிடுங்கள். அதை மறைக்க உலோகத்தைத் தேய்த்து மெலிய வைக்காதீர்கள். விரிசல் கண்ணில் பட்டால் பாலீஷே வேண்டாம். அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

லாக்கர் போன அலுமினியம் மறுபடி மங்கத்தான் செய்யும். மெழுகு பூசி அடிக்கடி துடைக்க வேண்டும். ஒரு தடவை தேய்த்துவிட்டால் ஆயுசுக்கும் மின்னும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாட்டிலில் எமன்

இன்னொரு கூத்தும் நடக்கிறது. லாக்கரை எடுக்க ஒருவர் காஸ்டிக் சோடா கரைக்கிறார். இன்னொருவர் ஆசிட் ஊற்றுகிறார். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும். தின்னும்போது கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் தீர்ந்தது கதை!

மிச்சமான தின்னரை எதில் ஊற்றி வைக்கிறார்கள்? கூல்டிரிங்ஸ் பாட்டிலில்! ஜன்னல் ஓரத்தில்! குழந்தை எடுத்துக் குடித்தால் யார் பொறுப்பு?

சில தின்னர்களில் மெத்தனால் கலந்திருக்கும். மெத்தனால் என்றால் என்ன என்று நம்ம மாவட்டத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த ஊரில் விதவையானவர்களும், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளும் இன்னும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு பட்ட பிறகும், பேர் ஒட்டாத பாட்டில் நம் வீட்டில் இருக்கலாமா?

ஆசிட்டைக் கண்டபடி விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-லேயே சொல்லிவிட்டது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, விலாசத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது ஆகாதவருக்குத் தரவே கூடாது. கடைக்கார அண்ணாச்சிகளே, தெரிந்த பையன்தானே என்று கொடுத்து விடாதீர்கள்!

தூசியும் வெடிக்கும்

மிஷினில் துணிச் சக்கரம் மாட்டிப் பாலீஷ் போடுபவர்கள் இதைக் கேளுங்கள். சீனாவில் குன்ஷான் என்ற ஊரில், கார் சக்கரங்களுக்குப் பாலீஷ் போடும் தொழிற்சாலை இருந்தது. 2014 ஆகஸ்டு 2-ந் தேதி அங்கே சேர்ந்திருந்த அலுமினியத் தூசி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

நம் திண்ணையில் அவ்வளவு தூசி சேராதுதான். ஆனால் பாடம் ஒன்றே. மூடிய அறையில் தேய்க்காதீர்கள். தூசியைச் சேர விடாதீர்கள். இரும்பைத் தேய்த்துப் பொறி பறக்கும் இடத்தில் அலுமினிய வேலை வேண்டாம். கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கல்லின் துளை அடைத்து, சூடேறி, கல்லே வெடித்துச் சிதறும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாயம்.

வாங்குபவரே, உஷார்!

கடைசியாக ஒன்று. விழுந்து நொறுங்கிய வண்டிக்குப் பாலீஷ் போட்டுத் தள்ளிவிடும் கில்லாடிகளும் உண்டு. நானே ஒருமுறை மினுமினுப்பைப் பார்த்து ஏமாந்து, வாங்கிய மாதமே போர்க் பைப் வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தவன். விற்றவர் கை விரித்துவிட்டார்.

ஆகவே பழைய வண்டி வாங்கப் போகிறவர் பளபளப்பைப் பார்க்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நாலு தடவை அழுத்துங்கள். பைப்பை விரலால் தடவுங்கள். எண்ணெய் ஒட்டுகிறதா? குழி தட்டுகிறதா? நேர் ரோட்டில் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா? இதற்குக் காசு செலவில்லை.

அந்த டீக்கடை வாலிபர் அன்று வெள்ளிமலைக்குப் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் ஷாப்புக்குப் போனார். என்னை முறைத்துக்கொண்டேதான் போனார்!

முறைக்கட்டும். பரவாயில்லை. உயிரோடு இருந்து முறைத்தால் போதும்.