எண்ணூர்க் கழியைக் காக்க ஒரு பொது வேண்டுகோள்



கடல் ஏற்றத்தின்போது உள்ளேறியும் வற்றத்தின்போது வடிந்தும் ஆற்றுநீரோடு கலந்து நிற்கும் உவர்நீர்ப் பரப்பு கழி எனப்படும். அது கடலோடு சேரும் வாய் முகத்துவாரம் எனப்படும். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரோடு தொடங்கி, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு, வடசென்னையை ஒட்டி இத்தகைய கழியாக விரிந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வங்கக்கடலை அடைகிறது. பூண்டி திறக்கப்படும்போதும் புழல் ஏரி நிரம்பி வழியும்போதும் பெருகும் வெள்ளத்திற்கு இதுவே வடிகால். ஆதலால் கழி சுருங்கினால் அவ்வெள்ளம் குடியிருப்புகளுக்குள் புகும்.

1806ஆம் ஆண்டு சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் வடக்கும் தெற்கும் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பெரும்பஞ்சத்தின் நிவாரணப் பணிகளாலும் வளர்ந்து, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதன் வழியே பழவேற்காடு ஏரியோடு இணைந்த எண்ணூர்க் கழியில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் வலைவீசியும், இருளர் மக்கள் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். உவர்நீரில் வேரூன்றி வளரும் அலையாத்தி மரங்கள் மீன்குஞ்சுகளுக்கு அடைக்கலமாகவும் கரைக்கு அரணாகவும் விளங்குகின்றன.

1970க்குப் பிறகு அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் இங்கு அடுத்தடுத்து எழுந்தன. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்துகளான உலர்சாம்பல், நீரில் கரைத்துக் குழாய்களில் அனுப்பப்படும்போது ஏற்பட்ட கசிவுகளால் கழியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. சதுப்புநிலத்தின் பல பகுதிகள் மண்கொட்டி மேடாக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து பரவிய எண்ணெய், வலைகளையும் படகுகளையும் அலையாத்திகளையும் ஒருசேரப் பாழாக்கியது.

கழியைப் பயனற்ற நிலமாகக் கருதும் எண்ணமே இக்கேடுகளுக்கெல்லாம் வேர் என்பது இவ்வேண்டுகோளை விடுக்கும் கரையோர மக்கள், ஆர்வலர்கள் ஆகியோரின் உறுதியான முடிவு. எனவே, படிந்த சாம்பலை அகற்றி ஆழத்தை மீட்கவும், 1996ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் கழிக்கு வகுத்த எல்லைகளை மதிக்கவும் அரசை வலியுறுத்துமாறு பொதுமக்களை அவர்கள் கேட்டுக்கொள்கின்றனர். புதிய திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அனைவரும் கலந்துகொண்டு தம் கருத்தைப் பதிவு செய்வதும், கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் நீர்வழிகளில் கொட்டாதிருப்பதும், பிறர் கொட்டுவதைக் கண்டால் உரிய அதிகாரிகளிடம் உடனே முறையிடுவதும் குடிமக்களின் கடமை. எண்ணூர்க் கழியைக் காப்பது வடசென்னையை வெள்ளத்திலிருந்து காப்பதாகும்; அப்பணியில் அனைவரும் இணையுமாறு வேண்டப்படுகின்றனர்.