உலகம் சுற்றிய உறையூர்ச் சுருட்டு!
பெயர் தந்தவர் தமிழர், பணம் யாருக்கு?

சுருட்டு என்பது தமிழ்ச் சொல். இலையைச் சுருட்டிச் செய்வதால் சுருட்டு. வெள்ளைக்காரர் வாயில் அது "செரூட்" ஆயிற்று. இன்றும் ஆங்கில அகராதியைப் புரட்டினால், "செரூட்" தமிழிலிருந்து வந்த சொல் என்று போட்டிருக்கும்.

சொல் மட்டுமா போயிற்று? சரக்கும் போயிற்று. திருச்சி உறையூரில் கையால் சுருட்டிய சுருட்டு, கப்பல் ஏறி லண்டனுக்குப் போயிற்று. விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே அதற்கு நல்ல மவுசு. 1887-ம் ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதையில், கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, அது திருச்சி சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடித்து விடுகிறார். அவ்வளவு பெயர்!

இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சிலும் திருச்சி சுருட்டுப் பிடித்தவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் மிகவும் விரும்பியது கியூபா நாட்டுச் சுருட்டுதான்.

இன்று உறையூரில் அந்தத் தொழில் தேய்ந்து விட்டது. உலகத்திலோ கைச் சுருட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இது ஏன்? சுருட்டிய கைகளின் கதி என்ன?

கைப் பக்குவம்

உறையூருக்குத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து புகையிலை வரும். பறித்த இலையை உலர்த்தி, அடுக்கி, பாடம் செய்வார்கள். அப்போதுதான் காரம் அடங்கும், மணம் ஏறும். பிறகு நடு நரம்பை எடுத்து விடுவார்கள்.

உள்ளே வைக்கும் இலை வேறு. மேலே சுற்றும் இலை வேறு. மேல் இலையில் சின்னக் கிழிசலும் இருக்கக் கூடாது. இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர்த்திச் சுற்றினால் சீக்கிரம் எரிந்து போகும். இந்த அளவு, பல ஆண்டு பழகிய கைக்குத்தான் தெரியும்.

திருச்சி சுருட்டின் இரண்டு முனைகளும் வெட்டி விட்டிருக்கும். கியூபாச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். பிடிப்பவர் அதை வெட்டிக் கொள்ள வேண்டும்.

பணக்காரரின் ஒரு மணி நேரம்

உயர்ந்த சுருட்டுப் பிடிப்பது சீமான்களுக்கு ஒரு சடங்கு. சுருட்டைத் தனி மரப்பெட்டியில் வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் சுமார் 70 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் இலை காய்ந்து நொறுங்கும். கூடினால் பூஞ்சைக் காளான் பிடிக்கும். முனையை வெட்ட ஒரு சிறு கத்தி. பற்ற வைக்கவும் அவசரம் கூடாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல், வாயில் நிறுத்தி மணத்தை அனுபவித்து, ஊதி விடுவார்கள். ஒரு பெரிய சுருட்டு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஒரே ஒரு சுருட்டின் விலை பல ஆயிரம் ரூபாய் வரை போகும்.

இந்த ஆசை நாடாளுபவர்களையும் விடவில்லை. 1962-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், கியூபாச் சரக்குக்குத் தடை போட்டார் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி. கையெழுத்துப் போடுவதற்கு முன், தமக்குக் கியூபாச் சுருட்டு ஆயிரம் வாங்கி வரச் சொன்னாராம். 1,200 வந்து சேர்ந்த பிறகே கையெழுத்துப் போட்டாராம். இதை வெளியிட்டவர், வாங்கி வந்த அவருடைய செயலாளர் சாலிஞ்சரே.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் சுருட்டின் கதை வேறு. கள்ளக்குறிச்சி வட்டாரமானாலும் சரி, மதுரைச் சீமையானாலும் சரி, முனியப்பனுக்கும் கருப்பசாமிக்கும் படையல் போட்டால் சுருட்டும் வைப்பது வழக்கம். சீமானுக்கு அந்தஸ்து, கிராமத்தில் சாமிக்குக் காணிக்கை.

கியூபாவும் உறையூரும்

கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தொழிலாளிகள் சுருட்டிக் கொண்டிருப்பார்கள். ஒருவர் மேடையில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். 1865-ம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலகச் செய்தியைத் தெரிந்து கொண்டார்கள். படிப்பவருக்குச் சம்பளம், அந்நாளில் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்.

கியூபா அரசாங்கம் "ஹவானா" என்ற பெயரைக் காப்பாற்றியது. உயர்ந்த விலைக்கு விற்றது. 2024-ம் ஆண்டு ஹவானாச் சுருட்டு விற்பனை 82 கோடி டாலரைத் தாண்டியது.

உறையூருக்கு அந்த யோகம் இல்லை. யந்திரத்தில் செய்த சிகரெட் வந்தது. மலிவான பீடி வந்தது. இளைஞர்கள் சுருட்டை விட்டார்கள். அது தாத்தா காலத்துச் சரக்காகி விட்டது.

புகையின் கணக்கு

அப்படியானால், கியூபாவைப் போல உறையூர்ச் சுருட்டையும் தூக்கி நிறுத்த வேண்டுமா? இங்கேதான் யோசிக்க வேண்டும்.

ஒரு பெரிய சுருட்டில், ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கலாம். உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்பது தவறு. வாயின் மெல்லிய தோல் வழியாகவே நிகோடின் என்ற நஞ்சு ரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டை, உணவுக் குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும். மனோதத்துவ மேதை பிராய்டு ஓயாமல் சுருட்டுப் பிடித்தவர். 1923-ல் அவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேல் அறுவைச் சிகிச்சைகள் செய்தார்கள். 1939-ல் இறந்தார்.

பிடிப்பவருக்கு மட்டும் அல்ல. ஈரமான புகையிலையைப் பறிக்கும் கூலியாளுக்கும் தோல் வழியே நஞ்சு ஏறித் தலை சுற்றும், வாந்தி வரும்.

யாரைக் காப்பாற்றுவது?

புகையைத் தடுக்கச் சட்டங்கள் வந்துவிட்டன. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் பிடிக்கக் கூடாது. 30 அறைகளுக்குக் குறையாத பெரிய ஓட்டல்களுக்கு, தனி இடம் ஒதுக்கிக் கொள்ள வழி உண்டு. சீமானின் சடங்குக்கு இடம் கிடைத்தது!

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே 1966-ம் ஆண்டு ஒரு தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை அது வரையறுத்தது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. அந்தப் பழைய சட்டம் அவற்றில் கரைந்து விட்டது.

ஆனால் இன்னொரு வாக்குறுதி இருக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை 2004-ம் ஆண்டு இந்தியா ஏற்றுக் கொண்டது. அதன் 17-வது ஷரத்து, புகையிலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் பிழைக்க வேறு வழி காட்ட வேண்டும் என்கிறது. புகையை நிறுத்துவது ஒப்பந்தத்தின் ஒரு பாதி. பிழைப்புக் கொடுப்பது மறு பாதி. முதல் பாதியை மட்டும் செய்தால், அதன் முழுச் சுமையும் ஏழையின் தலையில்தான் விழும்.

திண்டுக்கல் விவசாயிக்கு, புகையிலைக்கு ஈடாகப் பணம் தரும் பயிர் வேண்டும். உறையூர்த் தொழிலாளிக்கு, கைத்திறனுக்கு ஏற்ற வேறு வேலை வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும்.

சுருட்டு அணைந்தால் நஷ்டம் இல்லை. அதைச் சுருட்டியவர் வீட்டு அடுப்பு அணையக் கூடாது.