தறி எங்கே வரும் என்று கேட்டாரா?

நெசவு ஊரான கண்ணமங்கலத்தில் வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, சதுர அடி என்ன ரேட் என்றுதான். பக்கத்துத் தெருவில் ஒருவர் நூறு ரூபாய் குறைத்துச் சொன்னால் வேலை அவர் கைக்குப் போய்விடுகிறது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடித்துப் பிணைக்கும் நெசவாளர், பல வருஷச் சேமிப்பையும் நகைக் கடனையும் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்துவிடுவது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

அந்த ரேட்டுக்குள் என்ன அடங்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் போர்டிகோவையும் மாடிப்படியையும் முழுசாகக் கணக்கில் சேர்ப்பார், இன்னொருவர் பாதியாக எடுப்பார். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாம் எக்ஸ்ட்ரா என்பது லிண்டல் மட்டம் வந்த பிறகு தெரியவரும். அந்த நேரத்தில் ஆளை மாற்றுவது லேசில்லை. ஒருவர் பாதியில் விட்ட வேலையைத் தொட அடுத்த மேஸ்திரி தயங்குவார்.

இங்கே இன்னொன்றும் உண்டு. குழித்தறி போடும் வீட்டில் கால் மிதிக்கும் குழி தரைக்குக் கீழே இருக்கிறது. தெருவைவிடப் பேஸ்மட்டத்தைப் போதிய அளவு உயர்த்தாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் ஏறும். பாவு ஈரம் இழுத்துவிடும், தறி நிற்கும், தறியோடு கூலியும் நிற்கும். மேலே ஜக்கார்டு பெட்டி உட்காரக் கூரைக்கு உயரம் வேண்டும். நெய்கிறவர் கைமேல் வெளிச்சம் விழும்படி ஜன்னல் வேண்டும். இதெல்லாம் கடைக்கால் தோண்டும் முன்பே முடிவாக வேண்டிய சங்கதிகள். ரேட் பேசுவதற்கு முன்னால், "தறி எங்க வரும்ணா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்கும் மேஸ்திரியைத்தான் நான் நம்புவேன்.

அவர் கட்டிய புது வீட்டைப் பார்த்துப் பயனில்லை. புதுப் பெயின்ட்டில் எல்லா வீடும் அழகுதான். நாலைந்து மழை கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சமையலறைக்குள் போய் வீட்டு அம்மாவிடம் விசாரியுங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, கூப்பிட்டால் மேஸ்திரி வருகிறாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நடந்துகொண்டிருக்கும் வேலை ஒன்றையும் பாருங்கள். ஸ்லாப் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டவேண்டும். பதினைந்து அடி அகலத்துக்குள் இருக்கும் ஸ்லாபுக்கே 7 நாளாவது முட்டு நிற்கவேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். சென்ட்ரிங் பலகை அடுத்த வீட்டுக்கு வேண்டும் என்று அவசரமாகப் பிரிக்கிறவர் உங்கள் வீட்டிலும் அதையே செய்வார்.

எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் மேஸ்திரி கோபித்துக்கொள்வாரோ என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூசவே கூடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. கட்டடத்தின் உறுதியில் குறை தெரிந்தால் 5 ஆண்டுவரை பொறுப்பு என்று அது சொல்வது, வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு. சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டுகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது. நுகர்வோர் சட்டம் திறக்கும். வீடு கட்டித் தருவதும் அந்தச் சட்டப்படி ஒரு சேவை. 2 ஆண்டுக்குள் திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே கையில் பேப்பர் இல்லாதவர் பேச்சு எடுபடுவது கஷ்டம். என்ன சிமென்ட், எத்தனை எம்எம் கம்பி, ஸ்லாப் எத்தனை அங்குலம், எது எக்ஸ்ட்ரா, எப்போது முடியும் என்று இரண்டு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

பணத்தை நிலை நிலையாகக் கொடுங்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கு அரசே அப்படித்தான் கொடுக்கிறது, வேலை எழும்ப எழும்ப. எடுத்த எடுப்பில் பாதிப் பணம் கேட்பவரிடம், எதற்கு என்று கேளுங்கள். முந்தின வீட்டுக் கடனை உங்கள் பணத்தில் அடைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது.

கடைசித் தவணையில் ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்க வேலைகளில் இது வழக்கமான ஏற்பாடு. அந்தப் பிடித்தம் மேஸ்திரியின் லாபத்திலிருந்து மட்டும் இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாரும் சித்தாளும் வாங்கும் வாரக் கூலியில் ஒரு ரூபாயும் பாக்கி நிற்கக் கூடாது.