ரோசினாந்தேயின் சுமை

ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு, சார்லி என்னும் நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, தாம் ஓட்டிச்சென்ற ஜி.எம்.சி. டிரக்குக்கு ரோசினாந்தே என்று பெயரிட்டார். தான் கிஹோத்தேயின் எலும்பும் தோலுமான குதிரையின் பெயர் அது. அப்பயணத்தை அவர் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. வாசித்தவர்கள் நாயை மறப்பதில்லை. டிரக்கின் பெயரையும் மறப்பதில்லை. தேவைக்குப் பல மடங்கு மிகுதியான பொருள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதாக அவரே ஒப்புக்கொள்வதையும், ஓரெகன் மாநிலத்தில் ஒரு மழைநாளில் டயர் வெடித்துச் சேற்றில் அல்லாடியதையும்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கலிபோர்னியாவின் சாலினாஸ் நகரில் உள்ள தேசிய ஸ்டைன்பெக் மையத்தில் அந்த டிரக் இன்றும் நிற்கிறது.

டிரக்குக்குக் குதிரையின் பெயர் சூட்டியவரை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம், குதிரைகளையே டிரக்கால் இழுத்துச் செல்லும் காரியம் பற்றி நமக்கு ஒரு கருத்து இருப்பதுதான். இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எதை வாசிப்பது, எதை நம்புவது என்ற கேள்வி புத்தகங்களோடு முடிந்துவிடுவதில்லை.

டெக்சஸில் வசிக்கும் நம் நண்பர் ஒருவரின் மகள் குதிரையேற்றம் பயில்பவள். இரண்டு குதிரைகளைப் போட்டிகளுக்குக் கொண்டுசெல்ல டிரெய்லர் வாங்கியாயிற்று. இழுக்க ஒரு பிக்கப் டிரக் வேண்டும். விற்பனையாளர் சொன்ன எண்ணை நண்பர் தொலைபேசியில் பெருமிதத்தோடு ஒப்பித்தார்: இவ்வண்டி 5,000 கிலோ இழுக்கும். குதிரைகளோடு சேர்த்து டிரெய்லரின் எடை அதில் பாதியளவுதானே, பிறகென்ன கவலை என்பது அவர் வாதம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளை வாசிக்குமாறு கேட்டுக்கொண்டோம். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டலாகாது என்று அதில் அச்சிட்டிருந்தது. பவுண்டில் இருந்ததைக் கிலோவுக்கு மாற்றினால் 680.

நமது கருத்து முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது. விளம்பரம் பேசுவது இழுவைத்திறனை; கதவோரத்துத் தாள் பேசுவது சுமைத்திறனை. குதிரை ஏற்றிச்செல்பவர் முதலில் வாசிக்க வேண்டியது பின்னதையே.

கணக்கு எளியது. இரண்டு குதிரைகளுக்கான டிரெய்லர் வெறுமையாக 1,450 கிலோ என்று கொள்வோம். குதிரை ஒன்றுக்கு 500 கிலோ. தண்ணீர், வைக்கோல், சேணம் எல்லாம் 200. ஆக மொத்தம் 2,650 கிலோ. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் தெரிந்திருக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லருக்கும் இதே நியாயம்தான். டிரக்கின் பின்புறம் பூட்டும் வகை டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக டிரக்கின்மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பைப்போல் வாலாட்டத் தொடங்கும். மிகுந்தால் டிரக்கின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

2,650இல் 15 விழுக்காடு ஏறத்தாழ 400 கிலோ. குடும்பத்தார் நால்வர் 280. ஹிட்ச் எனப்படும் இணைப்புக் கருவி 45. டிரக்கின் பின்தட்டில் போடும் தீவனமும் சாமான்களும் 100. கூட்டினால் 825. தாள் அனுமதிப்பதோ 680. ஐந்தாயிரம் கிலோ இழுக்கும் என்று கேட்டு மகிழ்ந்த டிரக், அதில் பாதியை இழுக்கையிலேயே தன் சுமையின் எல்லையைக் கடந்துவிடுகிறது. இழுவைத்திறன் பொய்யல்ல. அது வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவே.

அந்த எண்ணின் வரலாறும் கவனத்துக்குரியது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2008இல் ஜே2807 என்ற நெறிமுறையை வெளியிடும்வரை, ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் இழுவைத்திறனைக் கணித்து வந்தது. அதை 2011 மாடல்களில் முதலில் ஏற்றது டொயோட்டா. பிற பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் தயங்கிய பின்னரே வந்து சேர்ந்தன. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில் ஏறிக் காட்டுவதும் அந்நெறிமுறையில் அடங்கும். ஆனால் அச்சோதனையில் டிரக்கினுள் இருப்பதாகக் கொள்ளப்படுவோர் இருவர் மட்டுமே. மகளும் மனைவியும் நாயும் சேணங்களும் அந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. டிரக்கை அழகுபடுத்த அழகுபடுத்த அதன் சுமைத்திறன் குறைகிறது. பெரிய கேபின், கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை ஒவ்வொன்றும் அந்தத் தாளின் எண்ணிலிருந்துதான் கழிக்கப்படுகின்றன. டீசல் இயந்திரம் சரிவுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பெரிதும் உதவும். ஆனால் அதுவும் பெட்ரோல் இயந்திரத்தைவிடக் கனமானது. ஆகவே ஒரே பெயருடைய இரண்டு டிரக்குகள் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. வாங்கப்போகும் அந்த வண்டியின் கதவைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

இணைப்புக் கருவியின் விஷயத்தில் அலட்சியம் இன்னும் ஆபத்தானது. டிரக்கின் அடியில் பொருத்திய சட்டம், அதில் நுழையும் தண்டு, தண்டின்மேல் உள்ள உருண்டை, உருண்டையைக் கவ்வும் டிரெய்லரின் பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றில் மிகச் சிறியது எதுவோ அதுவே முழு வண்டியின் வரம்பு. உருண்டைகளில் 2 அங்குலமும் 2 5/16 அங்குலமும் பெருவழக்கு. இரண்டுக்கும் வேறுபாடு சுமார் 8 மில்லிமீட்டர்தான். பெரிய பிடியைச் சிறிய உருண்டையில் மாட்டினால் சரியாகப் பூட்டிக்கொண்டதுபோலத் தோற்றம் தரும். சாலையில் ஒரு மேடு வந்ததும் கழன்றுகொள்ளும். அப்படிக் கழலும்போது முனை தரையில் விழாமல் ஏந்துவதற்காகவே சங்கிலிகளைக் குறுக்காக மாட்டச் சொல்கிறார்கள். சங்கிலியும் அறுந்தால், டிரக்கிலிருந்து போகும் ஒரு கம்பி இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யும்.

முன்பாரத்தின் ஒரு பகுதியை டிரக்கின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கிடைக்கிறது. அது வண்டியைச் சமநிலையில் நிறுத்தும். கதவோரத்துத் தாளின் எண்ணைத் திருத்தி எழுதிவிடாது. பெரிய டிரெய்லர் என்றால், பின்தட்டின் நடுவே, பின் அச்சுக்கு மேலாகப் பூட்டும் கூஸ்நெக் முறையே மேலானது. அதில் 20 விழுக்காட்டுக்கும் மேல் டிரக்கின்மேல் அமரும் என்பதால், அதற்கேற்ற கனரக டிரக் வேண்டும்.

இவ்வளவு பார்த்தால் சாமானியர் குதிரை வளர்க்கவே முடியாது என்ற எதிர்வாதம் நியாயமானதே. கனரக டிரக்குகளின் விலை நாம் அறியாததல்ல. ஆனால் கணக்கைச் சரிசெய்ய டிரக்கைப் பெரிதாக்குவது ஒன்றே வழியல்ல. இலேசான டிரெய்லர் வாங்கலாம். ஒரு குதிரையை மட்டும் கொண்டுசெல்லலாம். தீவனத்தைப் போகுமிடத்தில் வாங்கலாம். ஆட்களில் இருவர் வேறு காரில் வரலாம். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. சிறு கட்டணத்தில் அச்சுவாரியாக எடை போட்டுத் தருகிறார்கள். ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

குதிரை மற்றச் சரக்கைப் போன்றதன்று என்பதே நாம் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம். அது நின்றுகொண்டே பயணம் செய்கிறது. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு கால்களையும் ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. பாதி டன் எடை உயரத்தில் நின்று அசைகிறது. வெளியே என்ன வருகிறதென்று அதற்குத் தெரியாது, இறங்கவும் முடியாது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தின் ஆற்றலை விளக்கக் குதிரையைக் கொண்டே ஓர் அளவை வகுத்தார். அந்த அளவையில் இன்று டிரக்குகளுக்கு நானூறு குதிரைத்திறன் என்கிறார்கள். அந்த நானூறும் புறப்படுவதற்குத்தான் உதவும். நிற்பதற்கு உதவுவது பிரேக்கும், சரியான எடையும், ஓட்டுபவரின் நிதானமுமே.

நண்பர் அந்த டிரக்கை வாங்கவில்லை. வேறு கடையில், அழகு குறைந்த, சுமைத்திறன் மிகுந்த பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். மகளுக்கு அதன் நிறம் பிடிக்கவில்லையாம். குதிரைகள் நிறத்தைப் பொருட்படுத்தப்போவதில்லை என்று எழுதியிருக்கிறோம்.