டிக்கெட் போடலாமா, வேண்டாமா? பதற்றமான நாட்டுக்கு டூர் போகும் முன் வீட்டில் எழுதி வைக்க வேண்டிய விதி

உத்திரமேரூரில் இருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம். அவர், மனைவி, அம்மா என மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஐந்து நாள் லீவு போட்டு கொழும்பு, கண்டி, நுவரெலியா போய் வரத் திட்டம். சென்னையில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். செயலியில் விலை பார்த்து, பெயர்களை டைப் செய்து, பணம் கட்டும் பக்கம் வரை வந்தாச்சு.

அப்போது அம்மா கேட்கிறார்: "ஏன்டா, அங்க ஜனங்க பிரசிடென்ட் வீட்டுக்குள்ளயே பூந்து நீச்சல் குளத்துல குளிச்சாங்களே, டிவில காட்டினானே. நாம போற நேரத்துல மறுபடி அப்படி ஆச்சுனா?"

மகனிடம் பதில் இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பது பதில் ஆகாது. "அப்ப வேணாம், விடு" என்பதும் பதில் ஆகாது. தமிழ்நாட்டில் முதல்முறை வெளிநாடு கிளம்பும் பல வீடுகளில் இதே உரையாடல்தான் நடக்கிறது. நாடு மட்டும் மாறும்: இலங்கை, தாய்லாந்து, நேபாளம், மாலத்தீவு.

அம்மாவின் கேள்வி நியாயமானது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அன்று உண்மையில் என்ன நடந்தது?

அம்மா டிவியில் பார்த்தது 2022 ஜூலை 9. கொழும்பில் அதிபர் மாளிகைக்குள் மக்கள் நுழைந்த நாள். ஜூலை 13 அன்று கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறினார், மறுநாள் ராஜினாமா செய்தார். ஆனால், அந்த ஆண்டு இலங்கை போன சுற்றுலாப் பயணியின் அன்றாடத் தலைவலி போராட்டக்காரர்கள் அல்ல, பெட்ரோல். மார்ச் 31 அன்று நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு. ஜூன் கடைசியில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கண்டிக்குப் போக வேன் பேசி வைத்தவருக்கு, வேன் இருந்தது, டீசல் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாளிகை சம்பவம் திடீரென வந்தது போலத் தெரிந்தாலும், மின்வெட்டும் பெட்ரோல் வரிசையும் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டன. பார்க்கத் தெரிந்தவருக்கு அறிகுறி இருந்தது.

எல்லா நாடும் இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சரிவதில்லை. நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று சமூக ஊடகங்களுக்குத் தடை. செப்டம்பர் 8 அன்று இளைஞர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. 9-ம் தேதி பிரதமர் கே.பி.சர்மா ஒலி ராஜினாமா, காட்மாண்டு விமான நிலையம் மூடல். ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. தீ வைக்கப்பட்ட ஹோட்டல் ஒன்றிலிருந்து தப்பிக்க முயன்ற இந்தியப் பெண் பயணி ஒருவர் உயிரிழந்தார். விமான நிலையம் மறுநாளே திறந்தது. டிக்கெட் போட்டபோது இதை யாரும் கணித்திருக்க முடியாது.

ஆகவே, "அந்த நாட்டில் பிரச்சினை வருமா?" என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. டிராவல் ஏஜென்ட்டாலும் முடியாது, யூடியூப் நிபுணராலும் முடியாது. விடை கிடைக்கும் கேள்வி வேறு: "பிரச்சினை வந்தால் நம் பணத்தில் எவ்வளவு போகும், அதை நாம் தாங்குவோமா? யாரைக் கூட்டிப்போகிறோம், எப்போது திரும்பிவிடுவோம்?"

நாடு வேறு, போகும் இடம் வேறு

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபோது மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த வெளிநாட்டவருக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் 'இந்தியா'. நாமும் அடுத்த நாட்டை அப்படித்தான் பார்க்கிறோம்.

2025 ஜூலை 24 அன்று தாய்லாந்து – கம்போடியா எல்லையில் மோதல் தொடங்கியது. மறுநாளே பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகம் ஓர் அறிவுறுத்தல் கொடுத்தது. பாதிப்புள்ள பகுதிகள் என ஏழு மாகாணங்கள் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. பாங்காக் அந்தப் பட்டியலில் இல்லை, புக்கெட்டும் இல்லை. 'தாய்லாந்தில் போர்' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கும் அந்த ஏழு பெயர்களுக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. போகும் ஊர் அமைதியாக இருந்தாலும் வழி மூடலாம். 2008 நவம்பர் 25 அன்று போராட்டக்காரர்கள் பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தைக் கைப்பற்றினார்கள். ஒரு வாரம் மூடிக் கிடந்தது. கடற்கரையில் நிம்மதியாக இருந்தவர்களும் ஊர் திரும்ப முடியவில்லை. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹா வழியாக ஐரோப்பா போகவிருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடனான மோதலின்போது இந்தியாவிலேயே 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. பதற்றம் எப்போதும் அடுத்த நாட்டில்தான் என்று நினைக்க வேண்டாம்.

பணம் போகும் நாள் எது?

நம் இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு: மூன்று பேருக்கு விமான டிக்கெட் 45,000 ரூபாய். ஹோட்டல் 25,000. வேன் 20,000. சாப்பாடு, இதர செலவு 30,000. மொத்தம் 1,20,000.

ஹோட்டலை இலவச ரத்து வசதியோடு போட்டு, வேனுக்கு அங்கே போய்ப் பணம் கொடுப்பதாகப் பேசினால், கடைசி நேரத்தில் பயணம் நின்றாலும் ஆபத்தில் இருப்பது டிக்கெட் பணம் மட்டுமே. இதே பயணத்தை 'நோ ரீஃபண்ட்' பேக்கேஜாக முழுப் பணம் கட்டி வாங்கினால், 1,20,000-ல் பெரும்பகுதி ஆபத்தில். ஒரே நாடு, ஒரே தேதி. ரிஸ்க்கைத் தீர்மானித்தது கொழும்பு அரசியல் இல்லை, பணம் கட்டிய விதம்.

டிக்கெட்டிலும் மூன்று நிலைகள் இருக்கின்றன.

ஒன்று, எல்லாம் சுமுகம். பிரச்சினை இல்லை.

இரண்டு, விமான நிறுவனமே ரத்து செய்கிறது. இந்திய நிறுவனம் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்பது டிஜிசிஏ விதி. ஆனால் நஷ்டஈடு கேட்க முடியாது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள் என்று அந்த விதி அடுக்கும் பட்டியலில் 'அரசியல் நிலையின்மை' என்பதும் ஒன்று.

மூன்றாவதுதான் சிக்கல். விமானம் பறக்கிறது, நாடு திறந்திருக்கிறது, ஆனால் நமக்குப் போக மனசில்லை. டிவியில் புகை. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்த நாளில் ரத்து செய்தால் அது 'நாமாக ரத்து செய்தது'. ரத்துக் கட்டணம் உண்டு. அப்போதும், அடிப்படைக் கட்டணம் மற்றும் எரிபொருள் கட்டணத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய நிறுவனங்களுக்கான விதி. கேட்டு வாங்காததால் பலர் விட்டுவிடும் பணம் இது.

"இன்ஷூரன்ஸ் போட்டுட்டா போச்சு" என்று நினைக்கிறவர்கள் பாலிசியின் 'விலக்குகள்' பக்கத்தைத் திறக்க வேண்டும். போர், உள்நாட்டுப் போர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். கலவரத்துக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். செய்தி வெளியான பிறகு எடுத்த பாலிசி, அந்தச் செய்தியில் உள்ள பிரச்சினைக்குப் பொதுவாகக் கைகொடுக்காது. பயத்தால் பயணத்தைக் கைவிட்டால் சாதாரண பாலிசி பணம் தராது. மருத்துவச் செலவுக்கு பாலிசி அவசியம். பதற்றத்துக்கு அது மருந்தில்லை.

உத்திரமேரூருக்குத் தெரிந்த பாடம்

மூன்றாவது நிலையில்தான் வீடுகள் சண்டை போடுகின்றன. காரணம் எளிது: எப்போது நிறுத்துவது என்று முன்பே பேசி வைக்கவில்லை. பணம் கட்டிய பிறகு எடுக்கும் முடிவில் பயமும் பேசும், கட்டிய பணமும் பேசும். புத்தி பேசாது.

இந்த விஷயத்தில் உத்திரமேரூர்க்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடத்தில் ஓலை போடும் முன்பே யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று எழுதி வைத்த ஊர் இது. கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பெயர் வெளியே வந்த பிறகு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 919-ல் எழுதிய விதியில் குறை கண்டு 921-ல் திருத்தியும் எழுதினார்கள்.

ஒரு குடும்பப் பயணத்துக்கும் அதுதான் வழி. பணம் கட்டும் முன், ஒரு தாளில் நாலு வரி:

ஒன்று, போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகை எவ்வளவு? அதற்கு மேல் ரத்து வசதி இல்லாமல் கட்டக் கூடாது.

இரண்டு, எந்தச் செய்தி வந்தால் நிறுத்துவோம்? உதாரணமாக: நாம் போகும் ஊரின் பெயரைச் சொல்லி இந்தியத் தூதரகம் எச்சரித்தால். ஊரடங்கு வந்தால். அங்கே எரிபொருள் தட்டுப்பாடு தொடங்கினால். பக்கத்து வீட்டு ஃபார்வர்டு இந்தப் பட்டியலில் இல்லை.

மூன்று, முடிவெடுக்கும் கடைசித் தேதி எது? ஹோட்டலின் இலவச ரத்து முடியும் நாள்தான் அது.

நான்கு, அங்கே மாட்டிக்கொண்டால் கூடுதலாக மூன்று நாள் சமாளிக்கப் பணமும், அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரையும் கையில் இருக்குமா? இல்லையென்றால் இந்தமுறை அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம், அல்லது இந்தமுறை போகவே வேண்டாம்.

கூடவே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று: கடன் வாங்கி டூர் போவதே சரியில்லை, பதற்றமான நாட்டுக்குக் கடனில் போவது இன்னும் மோசம். பயணம் நின்றாலும் இஎம்ஐ நிற்காது.

இலங்கை விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. வீரகேசரி, உதயன் போன்ற அந்த மண்ணின் பத்திரிகைகளை நேரடியாகப் படிக்கலாம். தங்கப் போகும் இடத்துக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, பெட்ரோல் கிடைக்குதா, கடையெல்லாம் திறந்திருக்கா?" என்று தமிழிலேயே கேட்கலாம். டிவி விவாதத்தைவிட அந்த இரண்டு நிமிடப் பேச்சு உபயோகமானது.

அப்போ, போகலாமா?

போகலாம். அரசியல் அசைவே இல்லாத நாட்டுக்காகக் காத்திருந்தால் பாஸ்போர்ட் காலாவதியாகிவிடும். இலங்கைக்கு 2018-ல் சுமார் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பிறகு, 2021-ல் அது 2 லட்சத்தைத் தொடவில்லை. 2024-ல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது, அதில் முதலிடம் இந்தியர்களுக்கு. அதே 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தலும் நடந்தது. அனுர குமார திசாநாயக்க அமைதியாகப் பதவிக்கு வந்தார். தேர்தல் என்றாலே கலவரம் என்று டிக்கெட்டைக் கேன்சல் செய்தவர்கள் கட்டணத்தை இழந்ததுதான் மிச்சம்.

பயணிகள் வராத வருடங்களில் அந்த வேன் டிரைவரும், விடுதியில் தோசை ஊற்றுபவரும் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அதற்காக நம் வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு போனால் போதும்.

அம்மாவுக்கு மகன் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "ஆனாலும் ஆகும்மா. ஆச்சுனா என்ன பண்ணணும்னு எழுதி வச்சிருக்கேன், படிக்கிறேன் கேளு." அதைக் கேட்டுவிட்டு அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னால், சேர்த்த பிறகு பணம் கட்டலாம்.