மணற்கல் இடுக்கும் மழையில்லா வெள்ளமும்

நாட்காட்டிகளிலும் கணினித் திரைகளிலும் வாசகர்கள் ஒரு படத்தைக் கண்டிருப்பர். செம்மஞ்சள் நிறச் சுவர்கள் இருமருங்கும் அலையலையாய் நெளிந்து நிற்க, மேலேயுள்ள வெடிப்பினூடாக ஒளிக்கற்றையொன்று தூண்போல் நிலத்தில் இறங்கியிருக்கும். ஓவியன் ஒருவன் கற்பனையில் தீட்டியதோ என ஐயுறுவோரும் உளர். அது மெய்யான இடமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்திலே, பேஜ் என்னும் சிறு நகருக்கு அண்மையில், நவஹோ எனப்படும் பூர்வகுடி மக்களின் நிலத்தில் அமைந்துள்ள அன்ரிலோப் கன்யன் என்ற மலையிடுக்கே அது.

மேல் இடுக்கு, கீழ் இடுக்கு என அஃது இரண்டாய் உள்ளது. மேல் இடுக்கை நவஹோ மக்கள், பாறைகளினூடே நீர் ஓடும் இடம் எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். அங்கு செல்வோர் கண்ணுக்கோ பெரும்பாலும் ஒரு துளி நீரும் தென்படாது. காலடியில் உலர்ந்த மணல். தலைக்கு மேல் ஏறத்தாழ 120 அடி உயரத்துக்குப் பாறை. அதற்கும் மேலே வானத்தின் ஒரு கீற்று. பெயர் பொய்யோ எனின், அன்று. டைனோசர்கள் வாழ்ந்த காலத்து மணற்குன்றுகள் இறுகி அங்கு மணற்கல் ஆயின. அக்கல்லின் வெடிப்புகளிலே மழைவெள்ளம் மணலையும் வாரிக்கொண்டு பாய்ந்து, அரம் போல அராவி, இவ்விடுக்கை ஆக்கிற்று. நாம் வியந்து நோக்கும் ஒவ்வொரு வளைவும் வெள்ளம் சென்ற தடமே.

படம் பிடிப்போர் இங்கு குழுக் குழுவாக, நவஹோ வழிகாட்டி ஒருவரின் பின்னே செல்கின்றனர். கோடைத் திங்கள்களில் நண்பகலை அண்டிய வேளையிலேதான் ஒளித்தூண் மேல் இடுக்கினுள் இறங்கும். ஆயினும் உண்மையான அழகு அத்தூணில் இல்லை என்பது என் கருத்து. உச்சியிலே பட்ட வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தெறித்துத் தெறித்துக் கீழிறங்குகையில், மஞ்சள் செம்மஞ்சளாகி, செம்மஞ்சள் சிவப்பாகி, ஆழத்து நிழலில் ஊதாவாகவும் மாறுகின்றது. அந்நிறங்களைப் பிடிக்க விரும்புவோர் வானத்தின் கீற்றைப் படத்தினின்றும் விலக்கிவிடல் வேண்டும். விலக்காவிடின் அது வெறும் வெள்ளைப் புள்ளியாய்ப் படத்தைக் கெடுக்கும். மின்னொளியை அறவே பயன்படுத்தலாகாது. உள்ளே நுண்மணல் ஓயாது உதிர்வதால், கமராவின் வில்லையை அங்கு கழற்றி மாற்றுவதும் தகாது.

ஒளிக்கற்றை காற்றிலே கண்ணுக்குத் தெரிவதற்குத் தூசி வேண்டும். ஆதலின் வழிகாட்டிகள் சிலவேளை ஒரு பிடி மணலை அள்ளி மேலே வீசுவதுண்டு. இதனைச் சிலர் ஏமாற்று என்பர். யான் அவ்வாறு கொள்ளேன். இவ்விடுக்கில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படமொன்று, தூசியும் ஒளியும் சேர்ந்து ஆளுருப்போல் நிற்பது, 2014ஆம் ஆண்டிலே 65 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நிறங்களுக்கே பேர்போன இடத்தில் நிறமற்ற படத்துக்கு அவ்வளவு விலை!

இனி, எந்தப் படத்திலும் காணப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி கீழ் இடுக்கினுள் உல்லாசப் பயணிகள் சிலர் இருந்தனர். இடுக்கின் மேல் மழை பெய்ததென்று சொல்லத்தக்க அளவு பெய்யவில்லை. பல மைல்களுக்கு அப்பால், அதன் நீரேந்து பரப்பிலேதான் இடிமழை கொட்டியது. அந்தப் பாலைநிலத்துக் கடினத் தரை நீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த மழை முழுவதும் ஓடைகளில் திரண்டு, குறுகிய இடுக்கினுள் மதிலெனப் புகுந்தது. பதினொரு பயணிகள் மாண்டனர். அவர்களுட் பலர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். உடன் சென்ற வழிகாட்டி ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். ஏறி வெளியேறுதற்கென இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் கொண்டு சென்றது.

வழிகாட்டியுடன் செல்வதைத் தடையெனக் கருதி முணுமுணுக்கும் படக்காரர் இன்றும் உண்டு. தனியே சென்றால் விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம் என்பது அவர்கள் வாதம். கமராவை நோக்கிக் குனிந்திருப்பவன் வானத்தை நோக்குவானா? நோக்கினும் தலைக்கு மேலுள்ள கீற்றையன்றி, மைல்கணக்கான தொலைவிலுள்ள முகிலை அவன் எங்ஙனம் காண்பான்? அதனை அறிந்து சொல்லவும், வேண்டின் பணம் கொடுத்து வந்தவரைப் படம் எடுக்க விடாமலே திருப்பி அனுப்பவும் ஒருவர் தேவை.

இப்பொழுது கீழ் இடுக்கிலே மர ஏணிகளுக்குப் பதிலாக இரும்பு ஏணிகள் பாறையுடன் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. வானிலை அறிவிக்கும் வானொலியும் அபாயச் சங்கும் வாயிலில் உண்டு. வெள்ளம் வரின் உள்ளே தொங்கவிடுவதற்கென மேல் விளிம்பிலே கயிற்று வலைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.