பார்க்காமல் போடும் கையெழுத்து!

சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எல்.ஐ.சி. போட்டிருக்கேன் சார்" என்பார். எவ்வளவு தொகைக்கு? நாமினி யார்? "அதெல்லாம் ஏஜெண்டைத்தான் கேட்கணும்!"

வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் செலுத்துகிற பணம். ஒரு சேலை எடுக்க என்.எஸ்.பி. ரோடு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். இருபது வருஷம் பணம் கட்டப்போகிற பாலிசிக்கு மட்டும், ஏஜெண்ட் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஏஜெண்டும் அன்னியர் இல்லை. சொந்தக்காரர், அல்லது ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர். "சுகர் இருக்கே, எழுதணுமா?" என்று கேட்டால், "எழுதினா டெஸ்ட்டு, கூடுதல் பிரீமியம்னு இழுப்பாங்க. விடுங்க மாமா" என்பார். அங்கேதான் வினை!

படிவத்தை நிரப்பியது அவராக இருக்கலாம், கையெழுத்து உங்களுடையது. 3 ஆண்டுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பழைய ஆஸ்பத்திரி சீட்டுகளைத் தோண்டும். மறைத்தது தெரிந்தால், பணம் கிடைக்காமல் வீட்டுக்காரம்மா அலைய வேண்டியதுதான். 2015-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, 3 ஆண்டு தாண்டிவிட்டால் மோசடி என்று சொல்லிக்கூட பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. உடனே சிலர், "மூணு வருஷம் தாக்குப்பிடிச்சா போதும்" என்று கணக்குப் போடுகிறார்கள். எமனிடம் தவணை வாங்கி வந்தவர் யார்? தவிர, பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தால் அந்த 3 ஆண்டும் மறுபடி முதலிலிருந்து!

"முதல் பிரீமியத்தை நானே கட்டிடறேன்" என்று ஏஜெண்ட் ஆசை காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். கமிஷனில் பங்கு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை!

நாமினி விஷயம் இதைவிடச் சிக்கல். டெல்லியில் ஒருவர் 1967-ல் உயில் எழுதாமல் இறந்தார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு எல்.ஐ.சி. பாலிசி, நாமினி மனைவி. முழுப் பணமும் எனக்கே என்றார் மனைவி. பங்கு வேண்டும் என்றார் தாயார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்குகிறவர் மட்டுமே. தாய், மனைவி, மகன் மூவருக்கும் சமபங்கு என்றது கோர்ட். 16 வருஷம்!

2015 திருத்தம் இதையும் மாற்றிவிட்டது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்துக்கு அவர்களே உரியவர்கள். இதிலும் ஒரு ஆபத்து. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டவர், இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் மாற்றாமல் இருந்தால்? மாமியாரும் மருமகளும் கோர்ட் வாசலில்தான். தம்பி பெயரைப் போட்டிருந்தால், அவர் வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பாரா என்பது அவரவர் தம்பியைப் பொறுத்தது!

காந்தி மார்க்கெட், பெரியகடை வீதி வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி, மனைவி மக்கள் பெயருக்கு என்று எழுதி பாலிசி எடுக்கலாம். வியாபாரம் நொடித்தாலும் அந்தப் பணத்தில் கடன்காரர் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பாலிசி எடுக்கும்போதே கேட்க வேண்டும். ஏஜெண்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

மார்ச் மாதம் வரிக்குப் பயந்து அவசரமாகப் பாலிசி எடுக்கும் குமாஸ்தாக்கள், முதலில் எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்க்கட்டும். புதிய முறையில் இந்தப் பிரீமியத்துக்குக் கழிவே கிடையாது.

பாலிசி கைக்கு வந்ததும் கவரைப் பிரித்துப் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு செலவுகள் போகப் பாக்கிப் பணம் வரும். பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.